செவிலியரின் இரக்கச் சோர்வு: கல்நெஞ்சமா, காயமா?

கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்து சில மாதங்கள் கழிந்திருந்தன. சேவூரில் ஒரு சகோதரி தம் தாயாருடன் நம்மிடம் வந்தார். நர்ஸாக வேலை பார்ப்பவர். "ஹஜ்ரத், இப்பல்லாம் மவுத்தைப் பார்த்தாலும் எனக்கு அழுகை வரமாட்டேங்குது. ஒருத்தர் இறந்துட்டா, அடுத்து அந்த பெட் யாருக்குன்னுதான் மனசு போகுது. என் கல்பு இறுகிப் போச்சா?" என்று கேட்டார்.

நாம் யோசிக்காமல் பதில் சொன்னோம். திக்ரை அதிகப்படுத்துங்கள், மவுத்தை அடிக்கடி நினைத்துப் பாருங்கள் என்றோம். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். தினமும் மவுத்தைப் பார்த்தே களைத்துப் போன ஒருவரிடம் மவுத்தை நினைக்கச் சொல்லியிருக்கிறோம் என்பது பிறகுதான் நமக்கு உறைத்தது. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத் தேடியதன் விளைவே இந்தக் கட்டுரை.

இரக்கச் சோர்வு என்றால் என்ன?

அந்தச் சகோதரி சொன்ன நிலைக்கு ஆங்கிலத்தில் 'கம்பேஷன் ஃபேட்டீக்' என்று பெயர். தமிழில் இரக்கச் சோர்வு எனலாம். 1992இல் கார்லா ஜாய்ன்சன் என்பவர் அமெரிக்கச் செவிலியர் இதழ் ஒன்றில் இதைப் பற்றி எழுதினார். 1995இல் உளவியல் அறிஞர் சார்லஸ் ஃபிக்லி தொகுத்து வெளியிட்ட நூலுக்குப் பிறகு இது பரவலாக ஆராயப்பட்டது.

வேலைப்பளுவால் வரும் களைப்பும் இதுவும் ஒன்றல்ல. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஓட்டும் டெய்லருக்கும் உடம்பு அசந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தூங்கி எழுந்தால் ஓரளவு தேறிவிடுவார். இரக்கச் சோர்வு தூக்கத்தால் மட்டும் தீர்வதில்லை. பிறருடைய வலியை நாள்தோறும் பக்கத்தில் இருந்து பார்ப்பதும், அதைத் தீர்க்க நம்மால் முடியவில்லையே என்ற தவிப்பும் சேர்ந்து வருவது இது. தாங்க முடியாத கட்டத்தில், மனம் தன்னைக் காத்துக்கொள்ள உணர்வுகளை மரத்துப்போகச் செய்கிறது.

இதன் அடையாளங்கள் பெரும்பாலும் இவைதாம்:

- நோயாளியின் துயரம் மனத்தைத் தொடாமல் போவது, அதை நினைத்துக் குற்ற உணர்வு கொள்வது
- சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது
- தூக்கம் கெடுவது, வார்டில் நடந்தவை கனவில் வருவது
- குறிப்பிட்ட நோயாளிகளிடம் போகவே தயங்குவது
- வீட்டாரிடமும் பேச்சு குறைவது, வேலையை விட்டுவிடத் தோன்றுவது

கல்நெஞ்சக்காரருக்குத் தம் நெஞ்சைப் பற்றிய கவலை வராது. "என் கல்பு இறுகிவிட்டதா?" என்று ஒருவர் கலங்கிக் கேட்பதே அது இறுகவில்லை என்பதற்கு அடையாளம்.

2021 மே மாதம்

2021 மே 21 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்த மாதக் கடைசியில் அன்றாடப் பாதிப்பில் கோவை, சென்னையையே முந்தியது. திருப்பூரும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. ஆக்ஸிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் காத்துக் கிடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

அந்த நாட்களில் செவிலியர்கள் முழுக் கவச உடைக்குள் மணிக்கணக்கில் நின்றார்கள். இடையில் தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்குச் செல்லவோ வழியில்லை. பணி முடிந்தும் பிள்ளைகளைத் தொட முடியாமல் தனியே தங்கினார்கள். உறவினர் வார்டுக்குள் வர அனுமதி இல்லாததால், கடைசி நேரத்தில் நோயாளியின் கையைப் பிடித்திருந்ததும், மொபைலில் அவர் முகத்தைக் குடும்பத்துக்குக் காட்டியதும் பல இடங்களில் செவிலியர்கள்தாம். ஒரு குடும்பத்துக்கு அது ஒரு மவுத்து. அந்தச் செவிலியருக்கோ அதே வாரத்தில் எத்தனையோ மவுத்துகளில் ஒன்று.

இதில் ஆள் பற்றாக்குறையும் சேர்ந்துகொள்கிறது. பொது வார்டில் 5 நோயாளிக்கு ஒரு செவிலியர், போதனா மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். பெருந்தொற்றுக் காலத்தில் அது எட்டாத அளவாகிவிட்டது.

ஊர் விலகி நின்றபோது

2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புரம் பகுதிகளில் நிபா பரவி 17 பேர் இறந்தார்கள். பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நோயாளிக்குப் பணிவிடை செய்த செவிலியர் லினி, அதே நோயால் மே 21 அன்று உயிரிழந்தார். தொற்று அபாயத்தால் அவருடைய உடலைக்கூடக் குடும்பத்தினரிடம் கொடுக்க முடியவில்லை. அவரை நாடே போற்றியது. அதே நாட்களில் அந்த மருத்துவமனையின் மற்ற செவிலியர்கள் அருகில் பேருந்தில் உட்காரப் பலர் தயங்கினார்கள்.

கொரோனாவிலும் இதுவே நடந்தது. கைதட்டிய ஊரிலேயே வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்ன செய்திகளும் வந்தன. சுகாதாரப் பணியாளரைத் தாக்கிக் கொடுங்காயம் விளைவித்தால் 7 ஆண்டு வரை சிறை என்று 2020 ஏப்ரலில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. கொரோனாவுக்காக ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்ட 2,400க்கும் மேற்பட்ட தமிழகச் செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31 உடன் முடிக்கப்பட்டது. அவர்கள் போராடிய பிறகு மாற்றுப் பணி பற்றி அரசு அறிவித்தது. தம் உழைப்புக்கு மதிப்பில்லை என்ற எண்ணம் வந்துவிட்டால் சோர்வு இரட்டிப்பாகிறது.

நோய் போனதும் இதுவும் போய்விடும் என்று நினைப்பது தவறு. 2003இல் கனடாவின் டொரண்டோ நகரில் சார்ஸ் பரவியது. ஓராண்டுக்கு மேல் கழித்து ஆராய்ந்தபோதும், அந்நோயாளிகளைக் கவனித்த மருத்துவமனை ஊழியர்களிடம் மற்ற ஊழியர்களைவிட மனத்துயரும் களைப்பும் அதிகமாகவே இருந்தன.

நம் மார்க்கம் காட்டும் வழி

அகழ் யுத்தத்தில் ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்கள் அம்பு தைத்துக் காயமடைந்தார்கள். அருகிலிருந்து நலம் விசாரிப்பதற்காக, அவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கச் செய்தார்கள் நபி (ஸல்) அவர்கள். காயமுற்றோருக்கு அன்று சிகிச்சை செய்தவர் ருஃபைதா (ரலி) அவர்கள். நோயாளியையும் அவரைக் கவனிப்பவரையும் ஊருக்கு வெளியே தள்ளாமல் சமுதாயத்தின் நடுவில் வைத்த முன்மாதிரி இது.

அபுத்தர்தா (ரலி) அவர்கள் பகல் முழுதும் நோன்பும் இரவு முழுதும் தொழுகையுமாக இருந்தபோது, ஸல்மான் (ரலி) அவர்கள் அதைத் தடுத்து, இறைவனுக்கு மட்டுமல்ல, உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய கடமை உண்டு என உணர்த்தியதையும், அதை நபி (ஸல்) அவர்கள் சரிகண்டதையும் நாம் அறிவோம். இபாதத்துக்கே இந்த அளவு இருக்கும்போது, ஓய்வு கேட்கும் செவிலியரை 'சேவை மனம் இல்லாதவர்' என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

நாம் செய்ய வேண்டியவை

குடும்பத்தார்: பணி முடிந்து வரும் மகளோ மருமகளோ உடனே அடுப்படிக்குள் நுழைய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அரை மணி நேரம் அமைதியாக விடுங்கள். அவர் பேச வந்தால் அறிவுரை சொல்லாமல் காது கொடுங்கள். "வேலையை விட்டுவிடு" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லாதீர்கள். அந்த முடிவை ஓய்வுக்குப் பிறகு அவரே எடுக்கட்டும்.

மருத்துவமனைகள்: கடுமையான வார்டிலேயே ஒருவரைத் தொடர்ந்து வைக்காமல் பணியிடத்தை மாற்றிக் கொடுப்பதும், இறப்புக்குப் பிறகு சில நிமிடமாவது இடைவெளி தருவதும், சக ஊழியர்கள் கூடிப் பேச நேரம் ஒதுக்குவதும் பலன் தரும்.

ஜமாஅத்தார்: கொரோனாவில் ஜனாஸாக்களை அடக்கம் செய்த நம் இளைஞர்களுக்கும் இதே காயம் இருக்கலாம். அவர்களையும் விசாரியுங்கள். உறக்கமின்மையும் வெறுமையும் வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் 'டெலி மானஸ்' இலவச ஆலோசனை எண் 14416. 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. மருத்துவரிடம் போவது ஈமானின் குறைவு அல்ல.

அந்தச் சகோதரியை நாம் மறுபடியும் சந்தித்தோம். முன்பு சொன்ன பதில் தவறு என்று ஒப்புக்கொண்டு, "உங்கள் கல்பு இறுகவில்லை, காயப்பட்டிருக்கிறது. காயத்துக்கு மருந்தும் ஓய்வும் வேண்டும். உங்களுக்காக துஆ செய்கிறோம்" என்றோம். அன்று அவர் வெகுநேரம் அழுதார்.

அடுத்த முறை வார்டில் ஒரு செவிலியர் கடுகடுத்தால், புகார் சொல்வதற்கு முன் ஒரு வார்த்தை கேட்போம்: "சாப்பிட்டீங்களா, சிஸ்டர்?"