ஃபார்கோ நகரத்து ஒளி

வானத்தில் இயல்புக்கு மாறான ஒளியைக் கண்டு அஞ்சுவதும், அதற்குக் கதை கட்டுவதும் மாந்தரின் பழைய வழக்கம். ஒரு நாட்டின் படைத்துறையே அத்தகைய ஒளிகளைத் தேடிச் சென்று சாட்சியம் பதிவு செய்தது இருபதாம் நூற்றாண்டின் புதுமை எனலாம். 1947ஆம் ஆண்டில் 'பறக்கும் தட்டு' பற்றிய செய்திகள் அமெரிக்க நாளேடுகளில் பெருகின. அவை சோவியத்து நாட்டின் புதுப் படைக்கலங்களோ என்னும் ஐயமும் எழுந்தது. 1948 சனவரியில் அமெரிக்க விமானப்படை 'சைன்' என்னும் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கிற்று. அவ்வாண்டு அத்திட்டத்தார் ஆராய்ந்தவற்றுள் ஃபார்கோ நிகழ்ச்சி தனித்து எண்ணத்தக்கது. ஏனெனில், அங்குச் சாட்சி கூறியவர் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே விமானம் ஓட்டிப் பழகியவர்.

வட டகோட்டா மாநிலத்தின் ஃபார்கோ நகர்; 1948 அக்டோபர் முதல் நாள்; இரவு ஒன்பது மணி. விமானக் காவல்படையைச் சேர்ந்த ஜார்ஜ் கோர்மன் தம் 'முஸ்டாங்' போர் விமானத்தில் தனியே வட்டமிட்டுக்கொண்டிருந்தார். கீழே ஒரு சிறு விமானம் செல்வது அவருக்குத் தெரிந்தது. அதனைத் தவிர வேறு விமானம் ஏதும் அப்பகுதியில் இல்லை என்றது கட்டுப்பாட்டுக் கோபுரம். ஆயினும் மின்னி மின்னி ஒரு வெண்ணொளி அவரைக் கடந்து சென்றது. குறுக்களவு ஆறு முதல் எட்டு அங்குலம் இருக்கலாம் என்று பின்னர் அவர் மதிப்பிட்டார். 27 நிமிடங்கள் அதனைத் துரத்தினார். ஒருமுறை அது நேருக்கு நேர் பாய்ந்து தலைக்கு மேலாகச் சென்றது போன்று அவருக்குத் தோன்றிற்று. 14,000 அடி உயரத்தில் அவருடைய விமானம் தள்ளாடியது. ஒளியோ மேலேறி மறைந்தது. அதன் அசைவுகளுக்குப் பின்னே ஓர் அறிவு இருந்ததென்று அவர் உறுதியாக நம்பினார்.

விரைந்து வந்த படை ஆய்வாளர்கள் கோர்மனையும், சிறு விமானத்தில் இருந்த இருவரையும், கோபுரத்தாரையும் தனித்தனியே உசாவினர். எல்லாரும் ஒளியைக் கண்டிருந்தனர். கோர்மனின் விமானத்தில் கைகர் கருவி மிகுதியான கதிரியக்கம் காட்டவே, அணு ஆற்றலால் இயங்கும் கலமோ என்னும் பரபரப்பும் உண்டாயிற்று. உயரப் பறந்து மீளும் எந்த விமானமும் தரையில் நின்ற விமானத்தைவிடச் சற்று மிகுதியாகக் காட்டும் என்று விளக்கப்பட்டதும் அப்பரபரப்பு அடங்கிற்று.

விடை அந்நகரத்திலேயே கிடைத்தது. மேற்காற்றின் திசையையும் விரைவையும் அளந்தறிய, வானிலை நிலையத்தார் இரவில் சிறு விளக்குக் கட்டிய பலூனைப் பறக்கவிடுவர். அன்றும் 8.50 மணிக்கு ஒன்று பறக்கவிடப்பட்டிருந்தது. மெல்ல மேலேறும் பலூன் போர் விமானத்தோடு எவ்வாறு மற்போர் புரியும்? இருட்டில் ஒற்றை ஒளிக்குத் தொலைவும் இல்லை, அளவும் இல்லை. ஒப்பிட அருகில் வேறொரு பொருளும் இல்லை. மணிக்கு 400 மைல் வரை விரையும் விமானம் திரும்புந்தோறும், ஒளியே எதிர்ப்புறம் திரும்புவதாகக் கண் கொள்ளும். விமானம் அதனை நோக்கிப் பாய்ந்தால் ஒளியே பாய்வதாகத் தோன்றும். கோர்மன் துரத்தியது பெரும்பாலும் தம் விமானத்தின் அசைவையே ஆகும். 1952ஆம் ஆண்டில் கியூபா வானில் கடற்படை விமானி ஒருவரும் விளக்குப் பலூனுடன் இவ்வாறே போராடினார். பின்னாளில் இவ்வாய்வுகளுக்குத் தலைவராயிருந்த எட்வர்டு ரப்பெல்ட், 1956இல் வெளியிட்ட தம் நூலில் அதனைக் குறித்துள்ளார்.

இம்முடிவை ஏற்காதவரும் உளர். தரையிலிருந்தோரும் ஒளி விரைந்தோடக் கண்டனரே என்பது அவர்தம் வினா; அது புறந்தள்ளத்தக்கதன்று. ஆயினும் கோர்மன் பொய்யுரைத்தார் என்பது ஆய்வின் முடிவன்று என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

'சைன்' திட்டத்தின் வழிவந்த 'நீல நூல்' திட்டம் 1969 டிசம்பரில் மூடப்பட்டபோது, மொத்தம் 12,618 காட்சிகள் பதிவாகியிருந்தன. அவற்றுள் 701 விளக்கம் பெறாதவை. ஃபார்கோ ஒளி அந்த 701இல் இல்லை. பலூன் என்றே அது பதிவாயிற்று.