பானைக்குள் பத்து எண்கள்

ஜேக்கப் பெர்னூலி நிறுவி, அவர் மறைவுக்குப் பின் 1713இல் நூலாக வந்த விதியை என் சொற்களில் சுருக்கினால் இப்படி வரும்:

சமவாய்ப்புச் சோதனையை, ஒன்றையொன்று சாராமல், பலமுறை செய்தால், பட்டறி நிகழ்தகவு கோட்பாட்டு நிகழ்தகவை நெருங்கும்.

மும்பையின் தாராவியிலும் செம்பூரிலும் வளர்ந்தவர்களுக்கு மட்காச் சூதாட்டத்தை வைத்தே இதை விளக்கிவிடலாம். அதற்கு முன்னோடியான, நியூயார்க் பருத்தி விலைமீது கட்டிவந்த பந்தயம் 1961இல் நின்றது. 1962இல் கல்யாண்ஜி பகத்தும், 1964இல் ரத்தன் கத்ரியும் வொர்லி பெயரில் மட்கா நடத்தத் தொடங்கினார்கள். மில் தொழிலாளர்களின் கூலிப் பணம் அதில்தான் புரண்டது.

சமவாய்ப்புச் சோதனையை: தொடக்கத்தில் மண்பானைக்குள் எண் எழுதிய சீட்டுகள், சீட்டுக்கட்டு வந்தது பிறகுதான். 0 முதல் 9 வரை பத்துச் சீட்டு என்றால் எந்த எண்ணுக்கும் வாய்ப்பு 1/10. எடுத்துப் பார்க்காமலே சொல்லலாம். இதுவே கோட்பாட்டு நிகழ்தகவு. எடுப்பவர் கை சுத்தமாக இருந்தால் மட்டும். ஆட்டங்களில் அந்த எண் உண்மையில் வந்த விகிதம்தான் பட்டறி நிகழ்தகவு.

ஒன்றையொன்று சாராமல்: குடும்பங்களைக் கவிழ்த்தது இதை மறந்ததுதான். பழைய முடிவுகளைச் சார்ட் போட்டு வைத்து, "ஏழு வந்து இருபது ஆட்டம் ஆச்சு, இன்னிக்கு வந்தே தீரணும்" என்று கட்டுவார்கள். எடுத்த சீட்டு திரும்பப் பானைக்குள் போன பிறகு ஏழுக்கு மறுபடியும் அதே 1/10தான். இன்னொன்றும் உண்டு: 20 ஆட்டங்களில் ஏதாவது ஓர் எண்ணாவது தலைகாட்டாமல் போக சுமார் 79 சதவீத வாய்ப்பு இருக்கிறது. சார்ட்டில் ஓர் எண் பாக்கி நிற்பது அதிசயமே இல்லை.

பலமுறை செய்தால்: எத்தனை முறை? இந்த இடத்தில் நின்று கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். ஒற்றை எண்ணுக்கு வழக்கமான விகிதம் ரூபாய்க்கு ஒன்பது. ஆட்டத்துக்கு ஒரு ரூபாய் வீதம் 100 ஆட்டம் ஆடினால், 12 முறையாவது ஜெயித்தால்தான் லாபம். அதற்கு வாய்ப்பு சுமார் 30 சதவீதம். பத்துப் பேரில் மூன்று பேர் கையில் காசோடு நிற்பார்கள். அவர்களைப் பார்த்துத்தான் புதியவர்கள் உள்ளே வருகிறார்கள். அதே ஆட்டம் 10,000 முறை என்றால், லாபத்தோடு நிற்பவர் பத்தாயிரம் பேரில் ஒருவரோ இருவரோதான். சராசரியிலிருந்து வெகுதூரம் விலகும் வாய்ப்பு எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்பதற்குப் பொதுவான கோட்பாட்டை வகுத்தவர் சென்னையில் பிறந்த எஸ்.ஆர்.எஸ். வரதன், 2007இல் ஏபல் பரிசு பெற்றவர். மும்பை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் நிகழ்தகவுப் பாடம் நடத்தும்போது பகடையோடு இந்த மட்காக் கணக்கையும் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

நெருங்கும்: இரண்டாம் உலகப் போரில் டென்மார்க்கில் காவலில் இருந்த ஜான் கெரிச் நாணயத்தை 10,000 முறை சுண்டினார். முதல் 100 முறையில் தலை 44. பாதிக்கு 6 குறைவு. முடிவில் 5,067, பாதிக்கு 67 அதிகம். எண்ணிக்கையில் விலகல் கூடியிருக்கிறது. விகிதத்தில் 6 சதவீதத்திலிருந்து 0.67 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. விதி நெருங்கும் என்று சொல்வது விகிதத்தை மட்டுமே. விட்ட காசைப் பிடிக்கிறேன் என்று தொடர்ந்து ஆடுகிறவரின் வெற்றி விகிதம் 1/10ஐ நெருங்க நெருங்க, சராசரி இழப்பு ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் ஏறிக்கொண்டே போகும்: 100 ஆட்டத்தில் 10 ரூபாய், 10,000 ஆட்டத்தில் 1,000 ரூபாய்.