மனச்சோர்வும் உடற்சூடும்

விசைத்தறி ஓசை ஓயாத சோமனூரில், "உடம்பெல்லாம் அனல், மனம் எதிலும் ஒட்டவில்லை" என்று ஒருவர் முறையிட்டால், தறிக்கூடத்து வெக்கை என்று நாம் தள்ளிவிடுகிறோம். "ஈமான் குறைவு" எனப் பழிப்போரும் நம்மில் உண்டு.

பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த அறிஞர் அபூஸைத் அல்பல்கீ (850–934) அவ்வாறு பழித்தாரல்லர். உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதிய அவர், ஒன்று நோயுற்றால் மற்றதும் வாடும் என்றார். காரணம் தெரிந்த துயர் வேறு, தெரியாத துயர் வேறு எனப் பிரித்து, பின்னதன் மூலத்தை உடலிலேயே தேடினார்.

2024-இல் வெளிவந்த கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வொன்று, 106 நாடுகளைச் சேர்ந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் உடல்வெப்பத்தை ஆராய்ந்தது. மனச்சோர்வு மிகுந்தோரிடம் வெப்பமும் சற்று உயர்ந்திருந்தது. எது காரணம், எது விளைவு என அது முடிவு கூறவில்லை. ஆயினும், சோர்ந்தவரைப் பழியாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே நம் கடமையாகும்.