தனிப் பாடசாலையிலிருந்து தனி அறை வரை

ஒலுவில் என்றதும் வெளியூர் வாசகருக்கு நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று தென்கிழக்குப் பல்கலைக்கழகம், மற்றது துறைமுகம். முன்னையது 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு ஆண்டே பல்கலைக்கழகமாயிற்று. பின்னையது டென்மார்க்கின் கடனுதவியுடன் 2008இல் கட்டத் தொடங்கி, 2013 செப்டம்பரில் திறக்கப்பட்டது. இரண்டுக்கும் பின்னால் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரபின் கனவு இருந்தது. நான் இங்கு எழுத விரும்புவது அவற்றைவிட மிகச் சிறிய ஒன்றைப் பற்றி: காது கேளாத, கண் தெரியாத, மெல்லக் கற்கும் பிள்ளைக்கு ஊர்ப் பாடசாலையில் உள்ள இடம்.

இலங்கையில் இப்பிள்ளைகளுக்கான முறையான கல்வி, 1912இல் மேரி சப்மன் என்னும் மிஷனரிப் பெண்மணி ஆரம்பித்த செவிப்புலன், விழிப்புலனற்றோர் பாடசாலையோடு தொடங்குகிறது. அது பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. தமிழ்மொழிப் பிள்ளைகளுக்கென 1956இல் யாழ்ப்பாணத்துக் கைதடியில் நவீல்ட் பாடசாலை எழுந்தது. இவற்றின் பணி பெரிது. ஆயினும் அம்பாறைக் கரையிலிருந்து பிள்ளையை அங்கே அனுப்புவதென்றால், பிள்ளையைப் பிரிவதென்றே பொருள். ஆறு வயதுப் பிள்ளையைத் தொலைதூர விடுதியில் விட மனம் ஒப்பாமல் வீட்டோடு வைத்துக்கொண்ட உம்மாவைக் குறைகூற என் நா எழாது.

இந்தப் பிரிவுக்கு மாற்றாக, பிள்ளை தன் ஊர்ப் பாடசாலையிலேயே படிக்கும் முறையை 1960களின் பிற்பகுதியில் அரசு தொடங்கியது. முதலில் பார்வையற்ற பிள்ளைகள், பின்னர் ஏனையோர். காலப்போக்கில் 'விசேட கல்வி அலகு' உருவாயிற்று: சாதாரண பாடசாலையினுள் ஓர் அறை, அதற்கென ஓர் ஆசிரியர், சில பிள்ளைகள்.

உலகின் சிந்தனையும் அதே திசையில் நகர்ந்தது. ஐந்தில் ஒரு பிள்ளைக்கு ஏதேனும் ஒரு கட்டத்தில் விசேட உதவி தேவைப்படலாம் என்றது பிரித்தானியாவின் வார்னொக் அறிக்கை (1978). 1994இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, சாதாரண பாடசாலை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது என்றனர். இலங்கை 1996இல் 28ஆம் இலக்கச் சட்டத்தால் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாத்தது. 1998 முதல் 5 தொடக்கம் 14 வயது வரை கல்வியைக் கட்டாயமாக்கியது. 2016இல் அந்த எல்லையை 16 ஆக உயர்த்தியது. அவ்வாண்டே மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் ஏற்றது.

ஆக, சட்டத்துக்குக் குறைவில்லை. கேள்வி அந்த அறையைப் பற்றியது. அலகு என்பது பிள்ளை தங்கிவிடும் இடமன்று, கடந்துபோகும் இடம். அங்கே எழுத்தையும் எண்ணையும் தன் வேகத்தில் பழகிய பிள்ளை, காலைக் கூட்டத்திலும் விளையாட்டிலும் சித்திரப் பாடத்திலும் ஏனையோரோடு அமர்ந்து, படிப்படியாகப் பொது வகுப்பில் சேரவேண்டும். இதற்கு அலகின் ஆசிரியர் மட்டும் போதார். பொது வகுப்பின் ஆசிரியரும் அப்பிள்ளையைத் தன் மாணவனாக எண்ணவேண்டும். நான் பார்த்த சில பாடசாலைகளில் அந்த அறை மைதானத்தின் கடைசி மூலையில் இருந்தது. வேறு வகுப்பில் ஆசிரியர் வராத நாளில், அலகின் ஆசிரியரே அங்கு அனுப்பப்பட்டார்.

ஒலுவில் துறைமுகம் திறந்த சில ஆண்டுகளிலேயே அதன் வாயை மணல் அடைத்தது. வடக்குக் கரையைக் கடல் அரித்தது. கட்டடம் இருந்தும் படகு உள்ளே நுழைய வழியில்லை. மீனவருக்குத் தெரிந்த இந்தப் பாடம் கல்வி அதிகாரிகளுக்கும் பொருந்தும். அலகைத் திறந்ததோடு வேலை முடிவதில்லை. அங்கிருந்து பொது வகுப்புக்குச் சென்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் கேட்கவேண்டும். அதிபரிடம் பெற்றோர் கேட்கவேண்டிய முதற் கேள்வியும் அதுவே.