பால் மரமும் துளிக் குருதியும்

1877ஆம் ஆண்டில் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பெற்ற இரப்பர்க் கன்றுகள் தமிழர்தம் வாழ்வையே மாற்றியமைத்தன. ஈப்போவைச் சூழ்ந்த தோட்டங்களில் நம் முன்னோர் விடியுமுன் எழுந்து மரம் வெட்டினர். அம்மரத்துப் பாலே மருத்துவர்தம் கையுறைக்கும் மூலப்பொருளாயிற்று.

அப்பாலிலுள்ள புரதம் சிலருடைய உடலுக்கு ஒவ்வாது என்பது நெடுங்காலம் உணரப்படவில்லை. இரப்பர்க் கையுறையால் ஒரு பெண்மணிக்கு உடனடியாகத் தோன்றிய ஒவ்வாமை 1979இல் பிரிட்டானியத் தோல்நோய் மருத்துவ ஏட்டில் பதிவாயிற்று. 1980களில் எய்ட்ஸ் அச்சத்தால் கையுறைப் பயன்பாடு பெருகவே, இந்நோயும் பெருகிற்று.

நோயின் காரணத்தைத் தெளியக் குருதிச் சோதனை துணைநின்றது. ஒவ்வாமைக்குரிய ‘ஐ.ஜி.இ.’ என்னும் எதிர்ப்பொருள் 1960களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டிருந்தது. நோயாளியின் குருதியில் அஃது இரப்பர்ப் புரதத்தோடு பிணைகின்றதா என ஆய்வுக்கூடங்கள் சோதித்தன. இன்றோ, மயிரிழையனைய நுண்கால்வாய்கள் அமைந்த சிறு தகட்டில் ஒரு துளிக் குருதியைச் செலுத்தியே ஒவ்வாமையை ஆராயும் கருவிகள் தோன்றியுள்ளன. மலேசிய ஆய்வாளரும் புரதம் குறைந்த கையுறைகளை உருவாக்க உழைத்தனர்.

தன் நோவைச் சொல்லியும் நம்பப்படாத எளியவனுக்கு அத்துளியே சாட்சி. பாலின் எடையையும் விலையையும் எழுதிவைத்த வரலாறு, அதனைத் தொட்ட கைகளின் துயரையும் எழுதிவைத்தல் வேண்டும்.