ஏரி காத்ததும் கடல் அரித்ததும்

மூழ்கிய கப்பலை எடுப்பவர்களுக்குக் கனம்தான் சிக்கல். விமானத்தில் மென்மைதான் சிக்கல். பறப்பதற்காக எடை குறைத்துக் கட்டிய உடல் அது. உள்ளே நிரம்பிய தண்ணீரோடு வெடுக்கென்று தூக்கினால் அந்தத் தண்ணீரின் பாரமே அதைப் பிளந்துவிடும். ஆகவே நீர்மட்டத்துக்கு வந்ததும் நிறுத்தி, நீர் வடிய வடியக் கொஞ்சம் கொஞ்சமாகவே உயர்த்தவேண்டும்.

எளிய வழி காற்றுப்பை. முக்குளிப்பவர்கள் இறங்கி, விமானத்தின் உறுதியான இடங்களில் பைகளைக் கட்டிக் காற்று நிரப்புவார்கள். ஆனால் 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் நான்கு மடங்கு. பை ஏற ஏற உள்ளிருக்கும் காற்று விரிந்து, மேல்மட்டத்தில் நான்கு மடங்காகிறது. உபரிக் காற்றை அவ்வப்போது வெளியே விடாவிட்டால் வேகம் கூடி, விமானம் நீரைக் கிழித்துக்கொண்டு பாயும்; பை சரிந்து காற்றை இழக்க, மறுபடி ஆழத்துக்கே போய்விடும். அதனால்தான் பெரிய விமானங்களுக்குச் சட்டமும் கிரேனும்.

ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் 1940 டிசம்பர் 31 அன்று ஒரு வெலிங்டன் குண்டுவீச்சு விமானம் இறங்கியது. பயிற்சியின்போது எஞ்சின் பழுது. பாராசூட்டில் குதித்தவர்களில் பின்புறத் துப்பாக்கி வீரர் உயிரிழந்தார்; விமானிகள் இருவரும் விமானத்தை நீரில் இறக்கிக் கரையேறினார்கள். 1976-இல் அந்த ஏரியின் புகழ்பெற்ற விலங்கைத் தேடி வந்தவர்களின் சோனார் கருவியில் விமானம் சிக்கியது. 1985-இல் செய்த முதல் முயற்சி பலிக்கவில்லை. தூக்கும் சட்டமே காலை வாரியது. மறுபடி முயன்றபோது, அதே ஆண்டு செப்டம்பர் 21 அன்று விமானம் மேலே வந்தது. பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் கூடை முடைவதுபோல் உலோகப் பட்டைகளைப் பின்னி அமைத்த உடல் அது. குளிர்ந்த நன்னீர் அதைக் காத்திருந்தது. மின்கலத்தை இணைத்ததும் வால்விளக்கு எரிந்ததாம்! 45 வருட இருட்டுக்குப் பிறகு எரிந்த அந்தச் சிறு விளக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துப்பாக்கி வீரர் நினைவுக்கு வருகிறார். அவருடைய இடமும் வால்பகுதிதான்.

கடல் அத்தனை கருணை காட்டுவதில்லை. இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில், 1940 வான்போரில் வீழ்ந்த ஜெர்மானிய டோர்னியர் 17 தலைகீழாகக் கிடந்தது. அந்த ரகத்தில் வேறொன்று முழுதாக மிஞ்சவில்லை. இடம்பெயரும் மணல் மூடியிருந்தவரை பத்திரமாக இருந்தது. சக்கர டயர்களில் பழைய காற்றுகூட அப்படியே இருந்தது. மணல் விலகியதும் அரிப்பு தொடங்கியது. ராயல் விமானப்படை அருங்காட்சியகம், விமானத்தைச் சுற்றிக் கடலடியிலேயே சட்டம் கட்டத் திட்டமிட்டது. வாரக்கணக்கில் காற்றும் அலையும் விடவில்லை. காலமும் பணமும் கரையவே சட்டத்தைக் கைவிட்டு, உடலின் வலுவான பகுதியில் வடம் பூட்டி 2013 ஜூன் 10 அன்று தூக்கினார்கள். துணிச்சலான முடிவு; அதைவிட்டால் அடுத்த பருவத்தில் தூக்க எதுவும் மிஞ்சியிருக்காது என்றே நினைக்கிறேன்.

மேலே வந்தபின்தான் பெரிய ஆபத்து. அலுமினியத்தில் ஊறிய உப்பு காற்றுப்பட்டதும் இன்னும் வேகமாக அரிக்கும். டோர்னியரை அந்த அருங்காட்சியகத்தின் கோஸ்ஃபோர்டு வளாகத்தில் நீண்ட கூடாரங்களுக்குள் படுக்கவைத்து, எலுமிச்சையில் உள்ள அதே சிட்ரிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து, இடைவிடாமல் தெளித்தார்கள். பித்தளைக்குப் புளிபோல இதற்கு அது. மாதங்கள் ஓடின, வருடங்கள் ஓடின. கெட்டிப்பட்டிருந்த கடற்படிவு மெல்ல மெல்ல இளகி உதிர்ந்தது.