காஞ்சிபுரம் கொலு பொம்மைகளில் வண்ணந்தீட்டும் கலை

காஞ்சிபுரம் கொலு பொம்மைகள் என்பவை நவராத்திரியின்போது வீடுகளில் படிகளில் அடுக்கி வைக்கப்படும் சிறு உருவங்கள் ஆகும். காஞ்சிபுரம் நகரின் பொம்மைக்காரத் தெருவில் வாழும் குடும்பங்கள் களிமண், காகிதக்கூழ் ஆகியவற்றைக் கொண்டு இவற்றைச் செய்கின்றன. தெருவின் பெயரே தொழிலைக் குறிக்கிறது.

அச்சும் தூரிகையும்

பொம்மையின் உடல் அச்சில் உருவாகிறது. முன்பக்கம், பின்பக்கம் என இரு பாதிகளாக வார்த்து ஒட்டுவர். ஒரே அச்சில் வந்த உருவங்கள் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றை வேறுபடுத்துவது தூரிகையே. எனவே இத்தொழிலில் ஒருவரின் திறம் வண்ணம் தீட்டுவதில்தான் அளக்கப்படுகிறது.

வண்ணந்தீட்டும் முறை

முதலில் உருவம் நன்கு உலர வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் பின்னர் வண்ணம் வெடித்து உரியும். அடுத்து உப்புத்தாள் கொண்டு தேய்த்து, வெள்ளை அடிப்பூச்சு இடுவர். அதன்மேல் உடல் நிறம், ஆடை, கரை, நகை என்ற வரிசையில் வேலை நகர்கிறது. ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. தடித்த ஒரே பூச்சு முகத்தின் நுண்ணிய மேடுபள்ளங்களை மூடிவிடும் என்பதால் மெல்லிய பூச்சுகளே ஏற்றவை. கண் இறுதியில் எழுதப்படுகிறது. கோயில் சிற்பத்தில் கண் திறத்தல் கடைசிச் சடங்காக அமைவதை இது ஒத்தது.

அடிப்பூச்சில் தொடங்கி நுண்வேலையில் முடிக்கும் இம்முறை பிற நாட்டுச் சிற்றுருவங்களுக்கும் பொதுவானது. இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893 முதல் உள்ளீடற்ற ஈயப் படைவீரர் பொம்மைகளைச் செய்தது. ஒரே வார்ப்பில் வந்த அவ்வீரர்களின் படைப்பிரிவைச் சீருடையின் வண்ணமே காட்டியது.

உருவ மரபு

கைத்திறனோடு உருவ மரபின் அறிவும் தேவை. நின்ற, இருந்த, கிடந்த என்னும் திருமாலின் மூன்று கோலங்களையும் உத்திரமேரூர் சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலின் மூன்று தளங்களில் காணலாம். பொம்மைக் கலைஞர் இக்கோலங்களின் வேறுபாடுகளை அறிந்திருக்க வேண்டும். நெற்றியில் இடும் நாமத்திலும் கவனம் தேவை. தென்கலை நாமத்தில் மூக்கின்மீது இறங்கும் பாதம் உண்டு; வடகலையில் இல்லை. ஒரு சிறு கோடு பொம்மையின் சம்பிரதாயத்தையே மாற்றிவிடும்.

2019 அத்திவரதர் பொம்மைகள்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் குளத்திலிருந்து 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவரும் அத்திவரதர், 2019 சூலை 1 முதல் ஆகத்து 17 வரை காட்சியளித்தார். முதலில் கிடந்த கோலத்திலும் பின்னர் நின்ற கோலத்திலும் வைக்கப்பட்டார். நாள்தோறும் வெவ்வேறு நிறப் பட்டு சாத்தப்பட்டது. அவ்வாண்டு நவராத்திரி செப்டம்பர் 29 இல் தொடங்கியது. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ ஆறு வாரங்களே. ஆயினும் அத்திவரதர் பொம்மைகள் அவ்வாண்டுக் கொலுவிலேயே இடம்பெற்றன. முந்தைய காட்சி 1979 இல் நிகழ்ந்தது என்பதால், இவை ஒரு தலைமுறை கண்ட நிகழ்வின் நினைவுப் பொருள்களாகவும் அமைந்தன.

இன்றைய நிலை

பாரிஸ் சாந்து விரைவில் இறுகும். ஒரே நாளில் பல உருவங்களை வார்க்கலாம். தெளிப்பான் அடிப்பூச்சை எளிதாக்கியுள்ளது. ஆனால் கண், புருவம், நாமம், நகை ஆகியவை இன்றும் கையால் எழுதப்படுகின்றன. விநாயகர் சதுர்த்திச் சிலைகள் நீரில் கரைக்கப்படுகின்றன. கொலு பொம்மைகளோ துணியில் சுற்றிப் பரணில் வைக்கப்பட்டு அடுத்த ஆண்டு மீண்டும் படியேறுகின்றன. தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும் பொம்மையில் அவசரமாகத் தீட்டிய கண்ணும் பல ஆண்டுகள் நிலைத்துவிடும். இதனாலேயே தேர்ந்த கைகளின் தேவை இத்தொழிலில் நீடிக்கிறது.